புதிய ஆட்டம்

யீஷூன் எம்ஆர்டியில், கட்டணக் கதவுக்கு மேலாகவே
பெட்டியை நீட்டினான் ஹஸ்ருல்.
நூற்று எண்பது வெள்ளி. பேரம் பேசவில்லை நான்.
வியாழக்கிழமை அவனுக்கு தேசிய சேவை.
முடி இன்னும் இருந்தது, காதுவரை.
"என் சேவ் மட்டும் அழிச்சிடாதீங்க அங்கிள்."
சரி என்றேன்.
எதைக் காப்பாற்றச் சொல்கிறான் என்று
செங்காங் வந்து சேரும்வரை புரியவில்லை.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
மேலே, கீழே.
இருபத்துமூன்று வருடமாய்த் தொழிலில்
திசை இரண்டுதான்.

வெள்ளி இரவு. பூங்கோதைக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
மின்விசிறி மூன்றில்.
திரை எடுத்த எடுப்பில் கேட்டது:
இனம்?

அடையாள அட்டை, பள்ளிப் பதிவு, வீட்டு மனு,
எல்லாவற்றிலும் பார்த்த கேள்வி.
கண் தானாக 'இந்தியர்' எங்கே என்று தேடியது.
மனிதர். குள்ளர். மரப்பட்டைத் தோலர்.
கடைசியில் உடும்பு முகத்தவர்;
பொங்கோல் கால்வாயோரம் தினம் பார்க்கிற ஆள்தான்.
இந்த வட்டாரத்தில் உடும்புகளுக்கான விகிதம் நிரம்பிவிட்டது
என்று யாரும் சொல்லவில்லை.
உடும்பானேன்.

மூக்குக்கு மட்டும் ஒரு மணி நேரம்.
உடும்புக்கு மூக்கு என்று தனியாக ஏதுமில்லை,
இருந்தாலும்.
பெயர்: திருநீலகண்டன்.
எந்தப் படிவத்தையும் போல அதுவும்
'திருநீலக' வரை வாங்கிக்கொண்டு
போதும் என்றது.

ஒரு குகை. மூச்சிரைக்க ஒரு தூதன்:
அரசி சாகக் கிடக்கிறாள், வடக்கே போ, உடனே!
கதவு திறந்தது.

புல்.
அதற்குப் பின்னாலும் புல்.
தூரத்து மலை வெறும் படம் என்று நினைத்தேன்,
நடக்க நடக்கப் பெரிதாகிறது.
வேலி இல்லை. அபராதத் தொகை எழுதிய பலகை இல்லை.
நான் பாதையை விட்டு இறங்கவில்லை. இடப்பக்கமாகவே நடந்தேன்.
எதிரே மாட்டுவண்டி வந்தது, நின்று வழிவிட்டேன்.
வண்டிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாரோ வீட்டு மேசையில் ஒரு ரொட்டி.
'எடு' என்று திரை சொன்னதால் எடுத்தேன்.
திருப்பி வைக்கப் பொத்தான் தேடுவதற்குள்
காவலன் ஈட்டியோடு வந்துவிட்டான்.
ஓடினேன், ஆற்றில் விழுந்தேன், செத்தேன்.

மறுபடி குகை. அதே தூதன், அதே இரைப்பு:
அரசிக்கு நேரமில்லை!
இருந்தது.
இரண்டு மணி நேரம் நான் காளான் பறித்தேன்,
அவள் பொறுமையாகச் செத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு நிறுத்தப் போனால்
பட்டியலில் இரண்டு வரி.
திருநீலக. நிலை ஒன்று. நான்கு மணி நேரம்.
அதற்கு மேலே
ஹஸ். நிலை எழுபத்தொன்று. அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்.

கை தவறி அழுத்திவிட்டேன் என்று சொல்லலாம்.
தவறவில்லை.

ஒரு வீட்டுக்குள் நின்றிருந்தான்.
மரத்தரை. அடுப்பில் தீ.
கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான்.
ஏழு வாள்களும் நீளவாரியாகச் சுவரோரம்.
உடம்பில் ஒரு பருத்திச் சட்டை மட்டும்.
காலணிகள், நான் உற்றுப் பார்த்தேன்,
கதவுக்கு வெளியே ஜோடியாக.

தெக்கோங்கில் இன்னும் இரண்டரை மணி நேரத்தில்
விளக்கைப் போட்டு அவனை எழுப்புவார்கள்.
முடி போயிருக்கும்.
கட்டிலைச் சரிசெய்யச் சொல்வார்கள்,
எடையுள்ள பொருள்களைத் தூக்கச் சொல்வார்கள்.

ஓர் அடிகூட நடக்கவில்லை நான்.
அடுப்பருகே இருந்த பூனை நிமிர்ந்து பார்த்தது.
வெளியே வரும்போது திரை கேட்டது: சேமிக்கவா?
வேண்டாம், என்றேன், வாய்விட்டு.

காலை ஒன்பதுக்கு புவாங்கோக்கில் வேலை.
கூண்டின் மேல் நின்று
பன்னிரண்டிலிருந்து மெதுவாக இறங்குகிறோம்.
இருட்டுச் சுவர், கிரீஸ் வாசம், மாடி எண்கள்.
"என்ன அண்ணே, விரல் வலிக்குதா?" என்கிறான் கூட வந்த பையன்.
குனிந்து பார்த்தேன்.
வலது கட்டைவிரல்
பக்கவாட்டில் அசைந்துகொண்டிருக்கிறது.